பத்து நிமிஷம்

அவர் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. எங்கள் வகுப்பு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அவர் மூன்று பத்துக்கு வருவார். மழை கொட்டினாலும் மூன்று பத்து, வெயில் காய்ந்தாலும் மூன்று பத்து. ரோட்டில் ஜாம், காடியில் டயர் போய்விட்டது என்று காரணம் எதுவும் சொல்ல மாட்டார். கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டி, "எங்க வரைக்கும் வந்திருக்கீங்க?" என்று கேட்பார். நாங்கள் சொல்லுவோம். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்காருவார். முன்னால் அவருக்கென்று ஒரு மேசையும் கைவைத்த நாற்காலியும் போட்டிருந்தோம். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

டீச்சர் என்று கூப்பிட்டால் "நான் டீச்சர் இல்லக்கா" என்பார். ஜார்ஜ்டவுனில் இரண்டு மூன்று அடுக்குமாடிகளில் பெரியவர்களுக்கு மலாய் எழுதப் படிக்க வகுப்பு வைத்திருந்தார்கள். அந்த வகுப்புகளை நடத்திப் போவதும், சொல்லிக்கொடுக்க வருகிறவர்களைத் தயார் பண்ணுவதும்தான் அவர் வேலை. நாங்கள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நேரில் டீச்சர், முதுகுக்குப் பின்னால் 'பத்து நிமிஷம்'.

"பத்து நிமிஷம் வந்தாச்சா?" என்று சரசு கேட்பாள்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்குலா."

சரசு என்னோடு பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபாக்டரியில் ஒரே லைனில் வேலை பார்த்தவள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்து, கடைசியில் ஒரே அடுக்குமாடியில் வீடும் வாங்கினோம். நான் முதல் மாடி, அவள் ஒன்பதாவது. என்னை வகுப்புக்கு இழுத்து வந்தவள் அவள்தான். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஃபாக்டரியில் இருந்த இருபத்தைந்து வருஷத்தில் சூபர்வைசரிடம் நானாகப் போய்ப் பேசியது இரண்டு தடவை இருக்கலாம்.

படிப்பு, எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை. தமிழ்ப் பத்திரிகை படிப்பேன், எழுதுவேன். மலாய், பாசாரில் மீன் வாங்குகிற அளவுக்குப் பேசுவேன். எழுதியிருந்தால் தடுமாற்றம். கிளினிக்கில் படிவத்தைக் கையில் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவரிடம் "கண்ணாடி கொண்டு வரலை, கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்பேன். கண்ணாடி கைப்பைக்குள்தான் இருக்கும். வகுப்பில் முதல் நாள் இதைச் சொல்லிவிட்டு வெட்கத்தில் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், பாதிப் பேர் அவரவர் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு நடந்த இடம் முதல் மாடியில், என் வீட்டுக்கு எதிரே இருந்த பொது அறை. சாவி என்னிடம் இருந்தது. அந்த அறையில் விசேஷம் ஒன்றும் இல்லை, ஆனால் கதவு இருந்தது. சரசு மருமகளிடம் பஜனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள். "எங்க மருமக ஆபீஸ்ல எழுதுற கிராணி. மாமியார் ஏ பி சி படிக்குதுன்னு தெரிஞ்சா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?" அப்படி வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள் ஐந்தாறு பேர். கதவைச் சாத்திய பிறகுதான் அவர்கள் நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுப்பார்கள்.

அவருடைய பத்து நிமிஷத்தின் ரகசியத்தை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். ஒரு சனிக்கிழமை, வகுப்புக்குத் தண்ணீர் போத்தல் வாங்கக் கீழே இறங்கினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில், கீழே பத்திரிகைத் தாளை விரித்து அதன்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கை. மேலேயிருந்து எங்கள் அறைச் சத்தம் அந்த இடத்துக்கு நன்றாகக் கேட்டது.

"டீச்சர், எப்ப வந்தீங்க?"

"ரெண்டே முக்காலுக்கு."

"இன்னிக்கா?"

"எல்லா வாரமும்தான்."

"அப்புறம் ஏன் உள்ள வரலை?"

"நான் வந்தா நீங்க எல்லாரும் பேச்ச நிறுத்திட்டு என் வாயப் பாப்பீங்க. இப்ப கேளுங்க."

கேட்டேன். உள்ளே 'சூரி' என்ற சொல்லை யாரோ எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அது திருடுவதா பொண்ணா என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். திருடுவது 'சூரி', பொண்ணு 'புத்ரி' என்று சரசு அதட்டிச் சொன்னாள். சரசு அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் அவள் மருமகளுக்குப் பயந்து டிவி சத்தத்தைக்கூடக் கூட்ட மாட்டாள்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது. "டீச்சர், இது என்னா?" என்றால், சுற்றிப் பார்த்து, "இது யாருக்குத் தெரியும்?" என்பார். யாருக்கும் தெரியாவிட்டால், "அடுத்த வாரம் யார் கேட்டுட்டு வர்றீங்க?" அவருக்கே தெரியாதோ என்று சிலருக்குச் சந்தேகம். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றும் ஒருத்தி சொன்னாள்.

வாரம் ஒருவர் வகுப்புக்குத் தலைவராக இருக்க வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடு. மலாய்மொழியில் தலைவருக்கு 'கெத்துவா'. கரும்பலகையில் தேதி எழுதுவது, பெயர் கூப்பிடுவது, அன்றைய பாடத்தை ஆரம்பித்து வைப்பது எல்லாம் கெத்துவா வேலை. முதல் முறை சரசுவைப் பார்த்து, "அடுத்த வாரம் நீங்க கெத்துவா" என்றார். அடுத்த சனிக்கிழமை சரசு அரக்குப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கழுத்தில் இரண்டு வடம் சங்கிலி சகிதம் வந்து நின்றாள். நாங்கள் வாயைப் பிளந்தோம்.

"என்னாடி, கல்யாணமா?"

"டீச்சர்தானே கெத்தா வான்னு சொன்னாங்க" என்றாள் சரசு.

சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கலே வந்துவிட்டது. சரசுவின் முகம் சுருங்கிப் போனது. அப்போதுதான் கதவு திறந்து அவர் தலையை நீட்டினார். மூன்று பத்து. விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை. "சரியாத்தானே வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். அன்று சரசு பட்டுச்சேலையோடு பெயர் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு யார் கெத்துவாவாக இருந்தாலும் நல்ல சேலை கட்டி வருவது எங்கள் வகுப்பில் வழக்கமாகிவிட்டது. நான் மட்டும் என் முறை வரும்போதெல்லாம் தலைவலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

மாதத்தில் முதல் சனிக்கிழமை காலையில், சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்குப் பயிற்சி. மூன்று பேர் வருவார்கள். நான் கதவைத் திறந்துவிட்டு, தேநீர் கலந்து வைத்துவிட்டு மூலையில் இருப்பேன். மூவரில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சார் பேச ஆரம்பித்தால் மின்விசிறியே நின்று கேட்கும், அப்படிக் குரல். அவர் வகுப்பெடுக்கும் நாளில் நாங்கள் கைகட்டி உட்கார்ந்திருப்போம். சந்தேகம் ஒன்றும் வராது. வந்தாலும் கேட்க மாட்டோம்.

எங்கள் டீச்சர் இடது மணிக்கட்டில் பத்து ரப்பர் பேண்டு போட்டிருப்பார். சொல்லிக்கொடுக்கிறவர், படிக்க வந்தவர்களுக்கே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றைத் தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றி வலது கைக்கு மாற்றுவார். அவ்வளவுதான், ஒன்றும் பேச மாட்டார். ஒரு தடவை சார் ஒரு பாடத்தை நடத்திக் காட்டினார். தேநீர் ஆறுவதற்குள் இடது கை காலியாகிவிட்டது.

"முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தினவன்மா நான்" என்றார் சார்.

"அதுதான் சார் கஷ்டம்."

"அப்ப எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியலேங்கிறீங்க?"

"நிறுத்தத் தெரியலேங்கிறேன் சார்."

சார் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். கையில் ரப்பர் பேண்டு. மிளகாய்ப் பொட்டலத்தில் கட்டியிருந்ததைக் கழற்றிப் போட்டிருந்தார் போல, பக்கத்தில் வந்தாலே மூக்கைத் துளைத்தது.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

அந்த வருஷம் யாரோ எங்கள் அடுக்குமாடிக்கு உடற்பயிற்சி இயந்திரங்கள் நாலைந்து தானம் கொடுத்தார்கள். அவற்றை எங்கள் அறையில் வைக்கலாம், வகுப்பைத் தரைமாடிக்கு மாற்றிவிடலாம் என்று குடியிருப்பாளர் கமிட்டியில் பேச்சு. தரைமாடி என்றால் தபால் பெட்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் இருந்த திறந்த இடம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிற இடம்.

"அங்கன்னா நான் வரமாட்டேன்" என்றாள் சரசு. "இப்பவே சொல்லிட்டேன்."

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கமிட்டிக் கூட்டம். வகுப்பின் சார்பில் ஒருவர் பேசலாம் என்றார்கள். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

"நீங்க வந்து பேசுங்க டீச்சர். உங்களுக்கு மலாய் தண்ணி மாதிரி வரும்."

"ரூம் யாருது?"

"எங்க அடுக்குமாடியோடது."

"நான் இந்த அடுக்குமாடி இல்லையே." கரும்பலகையைப் பார்த்தார். "இந்த வாரம் யாரு கெத்துவா?"

நான். அன்றைக்கென்று தலைவலி என்று சொல்ல மறந்திருந்தேன்.

எல்லாரும் சேர்ந்து இரண்டே இரண்டு வாக்கியம் தயார் பண்ணினோம். நாங்கள் இடம் மாற விரும்பவில்லை. நாங்கள் இந்த அறையை இரவல் கேட்கிறோம். இடம் மாறுவது 'பிண்டா'. இரவல் வாங்குவது 'பிஞ்சாம்'. அதை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்: காமி தா மாவு பிண்டா. காமி மாவு பிஞ்சாம் பிலேக் இனி. சரசு எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, மாவு தா, மாவு தான்னு கேக்கப் போறியா? அங்க என்ன தோசையா ஊத்துறாங்க?" என்றாள். மலாய்க்காரர்களுக்கு 'மாவு' என்றால் வேண்டும், 'தா மாவு' என்றால் வேண்டாம். அந்த வாரம் முழுக்க சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் மாவு, தா மாவு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கூட்டத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். தலைவர் ஒரு சீனர், நல்ல மனிதர். என் பெயரைக் கூப்பிட்டார். நல்ல சேலை கட்டியிருந்தேன். எழுந்து நின்றேன். பின்னால் கடைசி வரிசையில், தூண் ஓரமாக, டீச்சர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மூச்சை இழுத்து இரண்டு வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன். தலைவர் முகம் மலர்ந்தது. "பாகுஸ், பாகுஸ்" என்றார், நல்லது நல்லது என்று. கைதட்டினார்கள். எனக்காக ஜனங்கள் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

லிஃப்ட் வரைக்கும் அவர் என்னோடு நடந்து வந்தார். "நல்லா நின்னு பேசினீங்க, அக்கா" என்றார். நின்னு பேசினீங்க. அந்த வார்த்தையைப் பிறகு எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். சரியாகப் பேசினீர்கள் என்று அவர் சொல்லவில்லை.

சரசு வடை சுட்டுக் கொண்டுவந்தாள். மூன்று நாள் நான் தரையில் கால் படாமல் நடந்தேன்.

புதன்கிழமை லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் தாளைப் பார்த்தால் யாரையாவது கேட்பேன். அன்று நானே விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். வகுப்பு தரைமாடிக்கு மாற்றப்படுகிறது. மாற்றப்படுகிறது என்ற இடத்தில் பிண்டா. அதற்குக் கீழே இன்னொரு வரி. அதைப் படிக்க ரொம்ப நேரம் பிடித்தது. வகுப்பினர் கேட்டுக்கொண்டபடி.

அங்கேயே நின்று, நான் கூட்டத்தில் சொன்னதை மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தேன். இரண்டு சொல்லையும் இடம் மாற்றிச் சொல்லியிருந்தேன். எங்களுக்கு இரவல் வேண்டாம், நாங்கள் இடம் மாறுகிறோம். இரண்டு சொல்லும் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். பாசாரில் பேசினால் மாறியே இருக்காது. எழுதி மனப்பாடம் பண்ணியதுதான் வினை. நான் ஒரு அறிவிப்பை முழுசாக, யார் உதவியும் இல்லாமல் படித்த முதல் நாள் அது.

சரசுவுக்கு நானே போய்ச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "வடை வேற சுட்டேன்" என்றாள். பிறகு, "போலா, எனக்கு மருமக வர்ற நேரம்" என்று கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை ரெண்டே முக்காலுக்குப் படிக்கட்டுக்குப் போனேன். பத்திரிகைத் தாள் மேல் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"அன்னிக்கே தெரியும்."

"நீங்க சொன்ன அந்த நிமிஷமே தெரியும், அக்கா."

"எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பிஞ்சாம்னு ஒரே ஒரு வார்த்தை!"

அவர் இடது கையை நீட்டினார். ரப்பர் பேண்டுக்குக் கீழே மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பு சிவப்பாகத் தழும்பு. கூட்டத்தில் உட்கார்ந்து இழுத்து இழுத்து விட்டிருக்கிறார்.

"சொல்ல வாய் வந்துச்சு. நான் எந்திரிச்சிருந்தா ரூம் கிடைச்சிருக்கும். எல்லாரும் உங்களத் திரும்பிப் பாத்திருப்பாங்க, பாவம் தெரியாம பேசிட்டாங்கன்னு. அதுக்கப்புறம் அந்த மண்டபத்துக்குள்ள கால் வெப்பீங்களா நீங்க?"

"இப்ப மட்டும் வெப்பேனா?"

"நீங்கதான் சொல்லணும்."

"சரசு வரமாட்டேன்னுட்டா."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "அத நான் யோசிக்கல" என்றார். அப்புறம், "அடுத்த மீட்டிங் எப்ப?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் உட்கார்ந்திருந்த தாளை உருவி எறிந்திருப்பேன். வாய் வராதவளுக்குக் கையும் வராது. இறங்கிப் போய்விட்டேன்.

தரைமாடிக்கு மாறிய முதல் வாரம் ஆறு பேர் வரவில்லை. வந்தவர்களும் நோட்டை மடியில் மறைத்து வைத்து எழுதினார்கள். தபால் எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சார் அன்று பாடம் எடுத்தார், பாதிக் குரலில்.

ஒரு மாதம் கழித்து நான் மறுபடி கூட்டத்துக்குப் போனேன். எதையும் எழுதி எடுத்துப் போகவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் வரவில்லை. மீன்காரரிடம் பேசுவது போலப் பேசினேன்: போன மாசம் என் வாய் குளறிவிட்டது, பிஞ்சாம் சொல்ல வந்து பிண்டா சொல்லிவிட்டேன், சாமான் மாறிப்போச்சு, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். விசித்திரம், எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இயந்திரங்களை இறக்கியாகிவிட்டது, ஆட்கள் அதில் ஓட ஆரம்பித்துவிட்டார்கள், இனி எடுக்க முடியாது என்றார். சரி, கதவு இல்லாவிட்டால் ஒரு திரையாவது கொடுங்கள் என்றேன். அது எங்கள் வகுப்பில் யாரும் தயார் பண்ணிக் கொடுத்த வாக்கியம் இல்லை.

திரை கிடைத்தது. போன பெருநாளுக்குக் கட்டிய பெரிய வாழ்த்துப் பதாகை. அதை இரண்டு தூணுக்கு நடுவில் கட்டினார்கள். மோட்டார் சைக்கிள்களுக்கு எல்லா இனத்தாரின் பெருநாள் வாழ்த்தும் தெரியும், எங்கள் பக்கம் வெள்ளை. வராமல் இருந்த ஆறு பேரில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். மூன்று பத்துக்குப் பதாகையின் ஓரத்தைத் தூக்கி, அவர் தலையை நீட்டினார். "எங்க வரைக்கும் வந்திருக்கீங்க?"

சரசு வரவில்லை. லிஃப்டில் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்பாள். நானும் கேட்பேன். ஒன்பதாவது மாடிக்கு வரும் கடிதங்கள் இன்றைக்கும் மருமகள் வேலை முடிந்து வரும் வரை மேசையில் கிடக்கின்றன என்று கேள்வி.

அவரைப் பற்றி எனக்கு இன்னொரு நினைவும் உண்டு. அதை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. ஒரு நாள் லிட்டில் இந்தியாவில் மளிகை வாங்கிவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அவர் ஓரத்து மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். கடையில் நல்ல கூட்டம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்கள். எங்கள் மேசைக்கு ஒருவரும் வரவில்லை.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க டீச்சர்?"

"அரை மணி இருக்கும்."

"கூப்பிட்டுக் கேளுங்களேன்."

"கேக்கலாம்" என்றார். கையை மேசைக்கு மேல் பாதி தூக்கினார். பரிமாறுகிறவர் வேறு பக்கம் திரும்பியதும் கை இறங்கிவிட்டது. காது நுனி சிவந்திருந்தது. அந்தக் காதை எனக்குத் தெரியும். கிளினிக்கில் "கண்ணாடி கொண்டு வரலை" என்று சொல்லும்போது எனக்கும் அப்படித்தான் ஆகும். கடைசியில் நான்தான் "அண்ணே, இங்க ரெண்டு சாப்பாடு" என்று சத்தம் போட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அன்றிலிருந்து ஒரு சந்தேகம். கூட்டத்தில் அவர் எழுந்து பேசாமல் இருந்தது எங்களுக்காகவா, இல்லை அவருக்கும் என்னைப் போல வாய் வராதா? ரப்பர் பேண்டு, படிக்கட்டு, பத்து நிமிஷம் எல்லாம் அதன்மேல் கட்டிய கட்டடமா? இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், இது யாருக்குத் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒரு சனிக்கிழமை மூன்று பத்துக்குப் பதாகை தூக்கப்படவில்லை. மூன்று இருபதுக்கும் இல்லை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முடிந்ததும் படிக்கட்டில் போய்ப் பார்த்தேன். தாள் இல்லை. அடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் சார் சொன்னார், அவர் கடல் பாலம் தாண்டி நிபோங் திபால் பக்கம் ஒரு எஸ்டேட்டில் புதிதாக வகுப்பு ஆரம்பிக்கப் போய்விட்டார் என்று.

"ஒரு வார்த்தை சொல்லாமயா?" என்று ஒருத்தி அழுதாள்.

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா? எனக்கே நேத்துதான் போன்ல சொன்னாங்க" என்றார் சார். சொன்னவர் சட்டென்று நிறுத்தி, தன் ரப்பர் பேண்டு ஒன்றைக் கை மாற்றிக்கொண்டார்.

நான் அழவில்லை. என்னிடம் இருந்த கோபம், மற்றது எல்லாவற்றையும் அந்தப் படிக்கட்டிலேயே செலவழித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இப்போது வகுப்புக்கு நிரந்தர கெத்துவா மாதிரி நான் ஆகிவிட்டேன். விரும்பி இல்லை. சாவி என்னிடம் இருந்த பழக்கம். போன மாதம் கமிட்டிக் கூட்டத்தில் எங்கள் இடத்துக்கு இரண்டு மின்விசிறி கேட்க வேண்டியிருந்தது. பேச தேவியை அனுப்பினோம். தேவி புதிதாக வந்தவள், மூன்றாம் மாடி, ஹோட்டலில் அறை சுத்தம் பண்ணுகிற வேலை, சூட்டிகையானவள். நான் கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

தேவி எழுந்தாள். மின்விசிறிக்கு 'கீப்பாஸ்' என்று சொல்ல வேண்டும். அவள் 'காப்பாஸ்' என்றாள். காப்பாஸ் என்றால் பஞ்சு. கீழே ரொம்பப் புழுக்கமாக இருக்கிறது, தயவுசெய்து இரண்டு பஞ்சு மாட்டிக் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். தலைவர் புருவத்தைச் சுருக்கினார்.

என் கையில் ரப்பர் பேண்டு இல்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்தேன். சிவந்த மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. சரசு வீட்டுக் கதவும் நினைவுக்கு வந்தது. எழுந்து, முப்பது பேர் திரும்பிப் பார்க்க, "கீப்பாஸ்! கீப்பாஸ்!" என்று கத்திவிட்டேன்.

ஒரு மின்விசிறி அனுமதித்தார்கள்.

லிஃப்டில் தேவி என் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் மாடியில் கதவு திறந்ததும், அதைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா குறுக்க வந்தீங்க? அவங்க சிரிச்சதுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. நானே திருத்தியிருப்பேன்லா."

"திருத்தாமப் போயிருந்தா?"

"போயிருந்தா அடுத்த மாசம் வந்து கேட்டிருப்பேன். எல்லாரும் என்னமோ நான் சின்னப்புள்ள மாதிரி பாத்தாங்க."

நான் வெளியே இறங்கி நின்றேன்.

"இன்னொரு ஃபேன் நான் கேட்டு வாங்குறேன்" என்றாள். "அடுத்த மீட்டிங்குக்கு நான்தான் போவேன். நீங்க உள்ள வந்து உக்காரக் கூடாது."

"படிக்கட்டு வரைக்கும் வரலாமா?" என்று கேட்டேன்.

தேவி யோசித்தாள். லிஃப்ட் கதவு இரண்டு தடவை அவள் கையில் முட்டித் திறந்தது.

"அது வரைக்கும் வாங்க" என்றாள்.